விவசாயியிடம் நேராக வாங்கிச் சாப்பிட்ட மரபு அரிசிகள்: எதை வாங்கலாம், எப்படி வாங்கலாம்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சின்ன விவசாயிகள் குழுவிடமிருந்து சில வருடங்களாக அரிசி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீடு மட்டுமில்லை, திருச்சியில் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளும் சேர்ந்து மூட்டையாக வாங்குகிறோம். யூரியாவும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்த நெல், அவர்களே அரைத்து அனுப்புகிறார்கள். அரிசி எப்படி, விலை எப்படி, அவர்கள் நடந்துகொள்வது எப்படி என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கடை வைத்திருப்பவர்கள் இல்லை, தனி மனிதர்கள், அதனால் பெயரும் நம்பரும் போடவில்லை. உங்கள் மாவட்டத்திலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை எப்படிப் பிடிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபு அரிசி வாங்க நினைத்தால் கருப்புக் கவுனியில் ஆரம்பிக்காதீர்கள், தூயமல்லியில் ஆரம்பியுங்கள். அரைக் கிலோ பாக்கெட்டாக நாலு கலர் அரிசி வாங்கி அலமாரியில் வைப்பதால் வயலில் எதுவும் மாறப்போவதில்லை. தினமும் உலையில் போடுகிற அரிசியை மாற்றினால்தான் அந்த விவசாயி அடுத்த சம்பாவுக்கு எதை விதைப்பார் என்பது மாறும். இந்த விமர்சனம் முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

தூயமல்லி. பொன்னி சாப்பிட்டுப் பழகிய வீட்டுக்குள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நுழையக்கூடிய அரிசி இதுதான். சன்னமான வெள்ளை அரிசி, மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும் என்று பெயரிலேயே இருக்கிறது. நாங்கள் வாங்குவது புழுங்கல், பாதி தீட்டியது, அதாவது தவிடு முழுக்கப் போகாமல் லேசாக ஒரு பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் ஊறவைத்து வடித்தால் உதிரி உதிரியாக வருகிறது, குக்கரில் வைத்தால் ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் போதும். வத்தக்குழம்புக்கும் ரசத்துக்கும் இதைவிடப் பொருத்தமான சோறு நான் சாப்பிட்டதில்லை. மதியம் வடித்தது ராத்திரி வரை நீர்விட்டுப் போகாமல் இருக்கிறது என்பது வெயில்காலத்தில் பெரிய விஷயம். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துப் பாருங்கள், லேசான இனிப்பு தெரியும். வீட்டில் எல்லாருக்கும், சிவப்பு அரிசி என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைகள் உட்பட, பிடித்த ஒரே ரகம் இதுதான். எங்கள் வருடாந்தர அரிசியில் பெரும்பங்கு இது.

கிச்சிலிச் சம்பா அடுத்தது. தூயமல்லியைவிடக் கொஞ்சம் உறுதியான சோறு, சாம்பார் ஊற்றிப் பிசைந்தால் குழையாது. புளியோதரை, எலுமிச்சைச் சாதத்துக்கு இதைத்தான் எடுக்கிறோம். இந்த ரகத்தின் கதை தெரிந்தால் 'பாரம்பரியம்' பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றும். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1920களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரகம் இது, ஜி.இ.பி. 24 என்று பதிவானது. அதைக் கோ 18 என்ற ரகத்துடன் இனக்கலப்பு செய்து டி.கே.எம். 6 வந்தது, அந்த டி.கே.எம். 6தான் ஒரு காலத்தில் நம் வீடுகளிலெல்லாம் சாப்பிட்ட ஐ.ஆர். 20க்குப் பெற்றோரில் ஒன்று. ஆக, பசுமைப் புரட்சி நெல்லுக்குள்ளும் நம் கிச்சிலியின் ரத்தம் ஓடுகிறது. ஆராய்ச்சி நிலையம் ஒரு பக்கம், மரபு ரகம் எதிர்ப்பக்கம் என்று கோடு போட்டுச் சண்டை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த ரகத்தை எப்படி வளர்த்தார்கள், யாருக்கு விற்றார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாப்பிள்ளைச் சம்பா பற்றி எழுத நிறைய இருக்கிறது. இளவட்டக்கல் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள், அதற்குத் தெம்பு கொடுத்தது இந்த அரிசி என்கிற கதை எல்லாருக்கும் தெரியும். சிவப்பு, தடிமன், மென்று சாப்பிட வேண்டிய அரிசி. ராத்திரியே ஊறவைக்க வேண்டும், ஒன்றுக்கு மூன்றரை நாலு தண்ணீர், குக்கரில் ஏழெட்டு விசில். மதியச் சாப்பாட்டில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதற்கு இது எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை, குழம்பு சோற்றில் இறங்காமல் தட்டில் ஓடுகிறது. ஆனால் பழைய சோறு என்று வந்தால் இதற்குப் பக்கத்தில் எந்த அரிசியும் நிற்க முடியாது. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் பருக்கை பூத்து மெத்தென்று இருக்கும், நீராகாரம் லேசான ரோஜா நிறத்தில் இருக்கும். மோர் கொஞ்சம் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமோ மோர் மிளகாயோ கடித்துக்கொண்டு சாப்பிட்டால் மதியம் ஒரு மணி வரை பசி என்ற பேச்சே இல்லை. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு மிச்சம் இருந்தால் அன்றைக்கு வீட்டில் டிபன் செய்யும் வேலையே கிடையாது. அம்மா, அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, சின்ன வயதில் பாபநாசம் பக்கம் அவர் சாப்பிட்ட சோறு இதுதான் என்று அடித்துச் சொல்கிறார்.

இது ஏறக்குறைய 160 நாள் பயிர். இடுப்புக்கு மேல், மார்பளவுக்குக் கூட வளரும். வடகிழக்குப் பருவமழையில் வயலில் தண்ணீர் நின்றாலும் தாங்கும், ஆனால் கதிர் முற்றுகிற நேரத்தில் காற்றோடு மழை அடித்தால் படுத்துவிடும். யூரியா போட்டால் இன்னும் சீக்கிரம் படுக்கும். குட்டை ரகங்கள் வந்ததற்குக் காரணமே இதுதான், உரத்தைத் தின்றுவிட்டுச் சாயாமல் நிற்கிற நெல் வேண்டியிருந்தது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 அப்படிப்பட்டது. அன்றைக்குப் பஞ்சம் கண்ணுக்கு எதிரே இருந்தது, அந்தக் குட்டை நெல் பல வயிறுகளை நிரப்பியது, அதை மறுத்துப் பேசுவது சரியில்லை. ஆனால் நெல்லின் உயரம் குறைந்தபோது வைக்கோலும் குறைந்தது, வைக்கோல் குறைந்தபோது வீட்டு மாடும் குறைந்தது, மாடு போனதும் சாணி எரு போனது, எரு போன இடத்துக்கு இன்னொரு மூட்டை யூரியா வந்தது. எங்களுக்கு அரிசி தருகிற அண்ணன் மாப்பிள்ளைச் சம்பாவை விடாமல் போடுவதற்குச் சொல்கிற முதல் காரணம் சத்தோ விலையோ இல்லை, வைக்கோல்தான். 'தம்பி, மாடு திங்காட்டி மண்ணு எங்க திங்கும்?' என்று கேட்டார்.

பூங்கார் குறைந்த நாள் பயிர், மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். வறட்சிக்கும் நிற்கும், தண்ணீருக்கும் நிற்கும் என்பதால் ராமநாதபுரத்து மானாவாரி நிலத்திலும் ஓடுகிறது, டெல்டாவில் குறுவைக்கும் ஓடுகிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் கஞ்சிக்கும் புட்டுக்கும். புட்டு அருமை, தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் இருந்தால் போதும். குள்ளக்கார் இட்லிக்கு நன்றாக இருக்கிறது, நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து போட்டால் மெத்தென்று வருகிறது, இட்லியின் நிறத்துக்கு மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். தோசை இன்னும் மேல், ஓரம் முறுகலாக எடுக்க வரும்.

காட்டுயானம் வாங்கினோம், திரும்ப வாங்கவில்லை. 180 நாள் பயிர், யானை நின்றால் மறையும் அளவுக்கு வளரும் என்பார்கள், வெள்ளத்தில் நிற்கும் அதன் உறுதியைக் கேட்கக் கேட்க மரியாதை வருகிறது. ஆனால் சாப்பிடும்போது ரொம்பக் கடினம், கஞ்சியாக உடைத்துக் காய்ச்சினால்தான் எங்களுக்கு இறங்கியது. சீரகச் சம்பா பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பிரியாணிக்கு வாங்குங்கள், ஒரு வருடம் பழையதாகக் கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

கருப்புக் கவுனி. செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணத்துக்குச் செய்கிற கவுனி அரிசி இனிப்பு சாப்பிட்டிருப்பீர்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் நெய்யும் சேர்த்தது. அதற்கு இந்த அரிசியை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒட்டுகிற தன்மையும் அந்த வாசமும் வேறு எதிலும் வராது. மாதத்துக்கு ஒரு தடவை அப்படிச் சாப்பிட அரைக் கிலோ போதும். தினச் சோற்றுக்கு இது சரிவராது, விலையும் மற்றதைப்போல இரண்டு மடங்கு.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். ஆன்லைன் கடை ஒன்றில் கருப்புக் கவுனி வாங்கினோம். பாக்கெட்டில் அழகான ஏர்மாடு படம், 'சர்க்கரை நோயை விரட்டும், புற்றுநோயைத் தடுக்கும்' என்று கொட்டை எழுத்து. விளைந்த ஊர் எது, எந்தப் பருவத்து நெல், என்றைக்கு அரைத்தது, எதுவும் கிடையாது. பிரித்தால் காறல் வாடை. தவிடு போகாத அரிசியில் எண்ணெய்ப்பசை இருக்கும், அரைத்து மாதக்கணக்கில் கிடந்தால் அது காறிப்போகும், அரிசிக் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. போன் செய்தால் 'பாரம்பரிய அரிசி அப்படித்தான் சார் வாடை வரும்' என்று பதில். முதல்முறை வாங்குகிறவர் இதை நம்பிவிட்டால் அவ்வளவுதான், அவர் இனி வாழ்நாளில் மரபு அரிசிப் பக்கம் திரும்ப மாட்டார்.

தயவுசெய்து அரிசியை மருந்தாக விற்காதீர்கள், மருந்தாக வாங்கவும் வாங்காதீர்கள். தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், கருப்பிலும் சிவப்பிலும் நிறமிச் சத்துகள் உண்டு, வயிறு சீக்கிரம் நிறைகிறது, அதெல்லாம் சரி. ஆனாலும் அது அரிசி, மாவுச்சத்து. சர்க்கரை உள்ளவர் அளவு பார்க்காமல் சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மருந்து என்று விற்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. மருந்தை யாரும் மூன்று வேளையும் சாப்பிட மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ கருப்பு அரிசி விற்பதற்காக ஒரு விவசாயி தன் நிலத்தை மாற்ற முடியாது. கருப்புக் கவுனிக்கு மவுசு என்று கேள்விப்பட்டு எல்லாரும் அதையே போட்டு, அப்புறம் வாங்க ஆளில்லாமல் நெல்லை வீட்டில் அடுக்கி வைத்திருக்கிற விவசாயிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் தூயமல்லியையும் கிச்சிலியையும் கேட்டு வாங்க மாதம் 20 கிலோ சாப்பிடுகிற குடும்பங்கள் இருந்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது.

விலைக்கு வருகிறேன், இதில்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். எங்களுக்குத் தூயமல்லி கிலோ 90 ரூபாய்க்கு வருகிறது, மூட்டைக்கு லாரி வாடகை தனி. கடையில் நல்ல பொன்னி வாங்கினால் அதைவிடக் குறைவு. இந்த 90 ரூபாய் அநியாயமா என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. ஆகக் கிலோ நெல் 25 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் அரிசியாக 65 கிலோ சொச்சம் வரும், மீதி உமி, தவிடு, குருணை. அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கிற நெல்லின் விலையே 38, 39 ரூபாய். மரபு ரகத்தில், அதுவும் உரம் போடாமல், எங்கள் அண்ணனுக்கு ஏக்கருக்கு வருவது பக்கத்து வயலில் குட்டை ரகம் காண்பதில் பாதி, நல்ல வருடத்தில் அதற்குக் கொஞ்சம் மேல். பக்கத்து வயல்காரர் பார்க்கிற அதே வருமானத்தை இவர் பார்க்க வேண்டுமென்றால் கிலோ நெல்லுக்கு 50 ரூபாய் கிடைக்க வேண்டும், அரிசிக் கணக்கில் அது 77 ரூபாய். அதன்மேல் புழுக்கும் கூலி, அரவைக் கூலி, சாக்கு, கல் பொறுக்குவது, எடை குறைவது. 90 ரூபாயில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

'உரச் செலவு, மருந்துச் செலவு மிச்சம்தானே' என்று கேட்பார்கள். மிச்சம்தான். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது, அதன் உண்மையான செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. அந்த யூரியாவை வேண்டாம் என்கிறவர் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச் செடி) விதை வாங்கி விதைத்து, 45 நாள் வளர்த்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழ வேண்டும். கோடையில் ஆட்டுக்கிடை போட வேண்டும், கிடைக்காரருக்குக் கூலி உண்டு. ஏக்கருக்கு 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர் என்று ஜீவாமிர்தம் கரைத்துத் தண்ணீரோடு விட வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. களைக்கொல்லி அடிக்காததால் களை எடுக்க ஆள் விட வேண்டும், ஆள் கிடைப்பது இன்றைக்குக் குதிரைக்கொம்பு. இந்த உழைப்புக்கெல்லாம் யூரியாவுக்குக் கிடைக்கிற மாதிரி மூட்டைக்கு மூட்டை மானியம் கிடையாது. விலை வித்தியாசம் என்று நாம் பார்ப்பதில் ஒரு பங்கு இந்த ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அதை அந்த விவசாயியின் பேராசை என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல் அரவை. பெரிய மாடர்ன் ரைஸ் மில்லில் லோடு கணக்கில்தான் எடுப்பார்கள். பத்துப் பதினைந்து மூட்டை தூயமல்லியைக் கொண்டுபோனால் முன்னால் அரைத்தவர் நெல்லோடு கலந்துவிடும், இல்லையென்றால் பளபளவென்று தீட்டித் தவிட்டையெல்லாம் எடுத்துவிடுவார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்டால் அங்கே இருப்பது சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டே வகை, 17 சதவீத ஈரப்பதம் பார்த்து எடை போடுவார்கள், மாப்பிள்ளைச் சம்பாவும் மற்ற தடித்த நெல்லும் ஒரே குவியலில் போய்விடும். எங்கள் குழு பக்கத்து ஊரில் ஒரு சின்ன மில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மில் ரிப்பேர் என்றால் எங்களுக்கு அரிசி தாமதம். ஒரு தடவை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது, இடையில் கடையில் வாங்கித்தான் சமாளித்தோம். ஒவ்வொரு வட்டாரத்திலும் சின்ன அளவில் புழுக்கி, காயவைத்து, ரப்பர் ரோலரில் உமி மட்டும் நீக்கித் தருகிற ஒரு மில் இருந்தால் உள்ளூர் அரிசி உள்ளூரிலேயே விற்பது பாதி சுலபமாகிவிடும். காய்கறிக்கு 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்து, தராசும் கடையும் கொடுத்து விவசாயியை நேராக உட்காரவைத்தார்கள் இல்லையா, நெல்லுக்கு அந்தத் தராசின் இடத்தில் மில் வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021இலிருந்து வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறார்கள், நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் வந்தது, 2023 மார்ச்சில் அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கை வந்தது. விதை கொடுப்பது நன்றாக நடக்கிறது. விளைந்ததை வாங்குகிற வேலை அதே அளவுக்கு வளரவில்லை. விடுதிகளிலும் சத்துணவிலும் வாரத்துக்கு ஒரு நாளாவது அந்தந்த மாவட்டத்து மரபு அரிசியைப் போட்டால் எத்தனை ஏக்கருக்கு வழி பிறக்கும்.

ஜெயராமனைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அரிசிகள் இன்றைக்கு நம் தட்டுக்கு வருகின்றன என்றால் அதில் அவர் பங்கு பெரியது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வாரின் பின்னால் நடந்து, டெல்டா முழுக்கத் தேடி, 170க்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டார். 2006இலிருந்து திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடந்தது. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது இன்னொருவருக்குப் போகும். காசு கைமாறாமல் விதை பெருகிய இந்த ஏற்பாட்டைப் போல எளிமையாகவும் உறுதியாகவும் ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்கள் அண்ணன் வீட்டுத் தூயமல்லியும் அப்படி ஒரு 2 கிலோவில் தொடங்கியதுதான். நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கத்தில், மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நாட்களில், இறந்துபோனார். ஜெயராமன் 2018 டிசம்பர் 6. அவர்கள் போன பிறகும் விதை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இயற்கை விவசாயம் என்றதும் இலங்கையைக் காட்டி 'பார்த்தீர்களா என்ன ஆச்சு' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 2021இல் அங்கே கோட்டாபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது, நெல்லும் தேயிலையும் அடி வாங்கின, அதே வருடம் நவம்பரில் தடையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உரத்துக்குப் பழகிய மண்ணிலிருந்து உரத்தை ஒரு பருவத்தில் பிடுங்கினால் விளைச்சல் விழும், அதில் சந்தேகமே இல்லை. எங்கள் அண்ணனும் முதலில் ஒரு மாவில்தான் (மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்) ஆரம்பித்தார். மற்ற நிலத்தில் வழக்கம்போல உரம் போட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். மண் கொஞ்சம் தேறியதும் அடுத்த மா. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரமாக இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்தைத் தூவிவிடுகிறார், அது டெல்டாவில் பழைய பழக்கம், அதனால் நெல்லில் குறைந்தது உளுந்தில் கொஞ்சம் ஈடாகிறது, மண்ணுக்கும் நல்லது. இப்படித்தான் மாற்றம் நடக்க முடியும், அதுவும் வாங்குகிறவர்கள் கூடவே வந்தால்தான்.

அதனால்தான் அவர்கள் விற்கிற முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆடி மாதத்தில், விதை விடுவதற்கு முன்னாலேயே, வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறார்கள்: எந்த ரகம், எத்தனை சிப்பம், வருடம் முழுக்க வேண்டுமா. 25 கிலோ சிப்பத்துக்கு ஒரு சின்னத் தொகை முன்பணம். அதை வைத்து எத்தனை மா தூயமல்லி, எத்தனை மா மாப்பிள்ளைச் சம்பா என்று முடிவு செய்கிறார்கள். தை அறுவடை, அப்புறம் நெல்லாகவே வைத்திருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேவைக்கு மட்டும் அரைத்து அனுப்புகிறார்கள். சாக்கில் ரகம், அறுத்த மாதம், அரைத்த தேதி எழுதியிருக்கும். மழையில் சாய்ந்து கருக்கா (மணி பிடிக்காத பதர்) கூடிய வருடத்தில் போட்டோ எடுத்து அனுப்பி, சொன்ன அளவு தர முடியாது, வேண்டுமானால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். எங்கள் தெருவில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. குருணை கடை அரிசியைவிட அதிகம். அவ்வப்போது கல் வருகிறது, அரிக்காமல் போடக் கூடாது. ஒரே ரகம் என்றாலும் ஒவ்வொரு அரவையிலும் தீட்டல் மாறுகிறது, அதனால் தண்ணீர் அளவை ஒவ்வொரு சிப்பத்துக்கும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. லாரி ஆபீஸிலிருந்து நாமே போய் எடுத்துவர வேண்டும். வெயில்காலத்தில் வண்டு வந்துவிடும், மருந்து போடாத அரிசிக்கு வண்டு வருவது இயல்புதான். நிழலில் உலர்த்தி, மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வைக்கிறோம், இரண்டு மாதம் தாங்குகிறது. வேலைக்கு ஓடுகிற வீட்டில், சமைக்கிறவர் ஒரே ஆள் என்றால், இந்தக் கூடுதல் வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் யோசித்துவிட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் அரிசி புடைப்பதும் டப்பா மாற்றுவதும் ஆண்கள் வேலை என்று ஆகிவிட்டது.

நம்பிக்கைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பாக்கெட்டில் கடை அரிசி வாங்கினால் இயற்கை விளைபொருளுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விவசாயிகள் குழு என்றால் பி.ஜி.எஸ். சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று கொடுக்கிற முறை அது, மாறிக்கொண்டிருக்கிற நிலத்துக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', மாறி முடித்த நிலத்துக்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. சான்று இல்லாத நல்ல விவசாயிகளும் நிறைய இருக்கிறார்கள், அப்போது நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. கார்த்திகை மார்கழியில் போங்கள், பயிர் நிற்கும். வரப்பில் புல் கருகியிருக்கிறதா என்று பாருங்கள், கருகியிருந்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். வயலுக்குள் நண்டு, தவளை, தட்டான் இருக்கிறதா பாருங்கள். மாட்டுக்கொட்டகை இருக்கிறதா, விதையை எங்கிருந்து எடுத்தார்கள், போன வருடம் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர் இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்பட மாட்டார், உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புவார். ஆட்களைக் கண்டுபிடிக்க உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மரபு நெல் விதை வாங்கியவர்களைப் பற்றி விசாரிக்கலாம், நெல் திருவிழாக்களுக்குப் போனால் ஒரே நாளில் பல பேரைப் பார்க்கலாம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தூயமல்லி, கிச்சிலி இரண்டுக்கும் ஐந்துக்கு ஐந்து. மாப்பிள்ளைச் சம்பா பழைய சோற்றுக்கு ஐந்து, மதியச் சோற்றுக்கு மூன்று. பூங்காரும் குள்ளக்காரும் நாலு. காட்டுயானம் இரண்டரை, வேண்டுமென்றால் கஞ்சிக்கு மூன்று. அரிசி வந்து சேருகிற விதத்துக்கு மூன்று, அவர்களுடைய நேர்மைக்கு ஐந்து.

புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் 5 கிலோ தூயமல்லி, பாதி தீட்டிய புழுங்கலாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் வேறு அரிசி தொடாமல் அதையே சமையுங்கள், வீட்டில் எல்லாருக்கும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். ஒத்துவந்தால் பக்கத்து வீட்டில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆடி பிறப்பதற்குள் அந்த விவசாயிக்குப் போன் செய்து வருடத்துக்கு எத்தனை சிப்பம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.